லூயி லூயி: அன்று விசாரணை, இன்று விழா

ராக் இசையின் மிகச் சிறந்த பாட்டு எது என்று கேட்டால் விடியவிடியச் சண்டை நடக்கும். மிக மோசமாகப் பதிவான வெற்றிப் பாட்டு எது என்றால் அவ்வளவு தகராறு இருக்காது. கிங்ஸ்மென் என்ற ஐந்து பையன்கள் 1963-இல் பாடி வாசித்த ‘லூயி லூயி’யைத்தான் பலரும் கை காட்டுவார்கள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். டிரம்ஸும் சிம்பலும் அதன்மேல் ஏறி மிதிக்கும். ஓரிடத்தில் பாடகர் அவசரப்பட்டு நுழைந்து, தப்பு என்று தெரிந்து, சட்டென்று வாயை மூடிக்கொள்வார். மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. திரும்பத் திரும்ப வரும் தலைப்பை விட்டால் ஒரு வரிகூட உருப்படியாகக் காதில் விழாது.

இந்தப் பாட்டின்மேல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஏறத்தாழ இரண்டு ஆண்டு விசாரணை நடத்தியது. இருபது ஆண்டு கழித்து, இதையே வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாட்டாக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் கிளம்பி மாநிலச் சட்டமன்றம் வரை போனது. இன்று ஏப்ரல் 11-ஐ ‘லூயி லூயி தினம்’ என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் முதன்முறையாகத் தனிப் பாட்டுகளுக்கென்று ஒரு கௌரவப் பட்டியல் தொடங்கியபோது அந்த முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று. கெட்ட பேர் வாங்கிய பாட்டு செல்லப்பிள்ளையாவது புதிதல்ல, நிறைய நடந்திருக்கிறது. இங்கே வேடிக்கை என்னவென்றால், அன்று பயந்தவர்களும் இன்று ஆடுகிறவர்களும் பாட்டுக்குள் உண்மையிலேயே இருக்கும் சொற்களைச் சட்டை செய்ததே இல்லை.

அந்தச் சொற்களை எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி. 1935 ஏப்ரல் 11-இல் லூசியானாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். கனத்த குரல். ராபின்ஸ் குழு 1954-இல் வெளியிட்ட சிறைக்கலவரப் பாட்டு ஒன்றில் மிரட்டலாகப் பேசும் குரல் அவருடையதுதான். தட்டில் பேர் போடவில்லை. 1955 வாக்கில் அவர் ரிதம் ராக்கர்ஸ் என்ற குழுவோடு மேடையில் பாடிக்கொண்டிருந்தார். கியூபாவில் பிறந்த ரெனே தூசேயின் ‘எல் லோகோ சா சா’ என்ற நடன இசையை அந்தக் குழு வாசிக்கும். அதன் தொடக்கத்தில் வரும் தாளம் பெர்ரியைப் பிடித்துக்கொண்டது. கையில் வேறு தாள் கிடைக்காமல் கழிப்பறைத் தாளில் பாட்டை எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தத் தாளத்தின்மேல் அவர் ஏற்றியது ஒரு சாதுவான புலம்பல். ஜமைக்கா மாலுமி ஒருவன் மதுக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரிடம் தன் காதலியைப் பற்றிச் சொல்கிறான். கடல் தாண்டி அவளிடம் போக வேண்டும், புறப்படுகிறேன் என்கிறான். லூயி என்பது கடைக்காரரின் பெயர். குடித்தபடி கடைக்காரரிடம் மனம் திறக்கும் ஆள், ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்ற ‘ஒன் ஃபார் மை பேபி’யிலிருந்து வந்தவன். ஜமைக்கா ஆங்கிலத்தின் சாயலுக்குச் சக் பெர்ரியின் ‘ஹவானா மூன்’ தூண்டுதல். குழந்தைகளை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

1957-இல் ஃபிளிப் என்ற சின்ன கம்பெனி இதை வெளியிட்டது, அதுவும் தட்டின் பின்பக்கத்தில். மேற்குக் கரை நகரங்களில் ஓரளவு ஓடி நின்றுபோனது. கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. பெர்ரி இந்தப் பாட்டையும் கூட இன்னும் சிலவற்றையும் சேர்த்து 750 டாலருக்கு உரிமை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

பெர்ரியின் பாட்டைக் கலிஃபோர்னியா மறந்தது, வடமேற்கு பிடித்துக்கொண்டது. சியாட்டிலுக்குத் தெற்கே டகோமாவில் வெய்லர்ஸ் என்று ஒரு குழு (பாப் மார்லியின் வெய்லர்ஸ் வேறு, இவர்கள் அதற்கு முந்தியவர்கள்). அவர்களோடு சேர்ந்து ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் பாடிய பதிவு 1961-இல் வெளிவந்தது. சா-சா நடனத்தின் அசைவு போய், கரடுமுரடான ஒரு வேகம் வந்தது. கிட்டார் தனியாகப் புறப்படும் முன்பு ராபர்ட்ஸ் போட்ட கூச்சலும் பாட்டின் அங்கமாகிவிட்டது. சியாட்டில், டகோமா வட்டாரத்தில் அது வெற்றி. வெளியே யாருக்கும் தெரியாது. ராபர்ட்ஸ் 1967-இல் கார் விபத்தில் இறந்துபோனார். வடமேற்கில் எந்தப் பள்ளி நடனத்துக்கு வாசிக்கப் போனாலும் பிள்ளைகள் லூயி லூயி கேட்பார்கள் என்ற நிலையை உண்டாக்கியவர் அவர்தான்.

போர்ட்லண்ட் பையன்களான கிங்ஸ்மென் இதைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஒரிகன் கடற்கரையில் சீசைடு என்ற ஊருக்கு வாசிக்கப் போயிருந்தார்கள். இவர்கள் மேடையிலிருந்து இறங்கியதும் கூட்டம் ஜூக்பாக்ஸைச் சூழ்ந்துகொண்டு ராபர்ட்ஸின் தட்டையே திரும்பத் திரும்பப் போட்டு ஆடியதாம். பாடகர் ஜாக் ஈலி அதைக் கேட்டு மனத்தில் வாங்கி, ஊருக்குப் போய்க் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். தாளக் கணக்கைத் தான் தப்பாக நினைவில் வைத்திருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நான்கு அடி, இரண்டு அடி, நான்கு அடி என்று விழவேண்டியதை மூன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொடுத்தார். உலகம் இன்று லூயி லூயி என்றதும் மேசையில் தட்டிக் காட்டுவது அந்த மறதியைத்தான்.

1963 ஏப்ரல் 6. போர்ட்லண்டில் நார்த்வெஸ்டர்ன் என்ற ஒலிப்பதிவுக் கூடம். செலவு ஏறத்தாழ 50 டாலர். கென் சேஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார். பையன்கள் வழக்கமாக வாசிக்கும் கிளப்பும் அவருடையது. மேடையில் கேட்கிற அந்த இரைச்சல் அப்படியே தட்டில் வரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அறையில் ஐந்து பேரும் ஒன்றாக வாசித்தார்கள். பாடுவதற்கான மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. ஈலி குதிகாலை உயர்த்தி, அண்ணாந்து, கருவிகளின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தினார். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தார். போதாததற்கு முந்தின இரவு இதே பாட்டை நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம் பாடிய தொண்டை. சொல் எப்படி விழும்?

ஒரே டேக். மைக் மிட்செலின் கிட்டார் தனிவாசிப்பு முடியும் இடத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற தப்பு. ஈலி ஒரு சுற்று முன்னதாகவே அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டு, உடனே நிறுத்தினார். டிரம்மர் லின் ஈஸ்டன் ஓர் உருட்டலை இழுத்து ஓட்டையை அடைத்தார். பையன்களுக்கு மனசே இல்லை, இன்னொரு தரம் பாட விடுங்கள் என்று கேட்டார்கள்; சேஸுக்கோ பிரமாதமாக இருந்தது. இன்று ஒரு பள்ளிக்கூட ராக் குழு இந்தப் பாட்டை எடுத்தாலும் பாடுகிறவர் அதே இடத்தில் வேண்டுமென்றே தப்பாக நுழைவார். நுழையாவிட்டால் கேட்கிறவர்களுக்கு ஏதோ குறைகிறது. இன்றைய ஸ்டுடியோவில் அப்படி ஒரு தப்பு நடந்தால் கணினியில் சுட்டியைப் பிடித்து அரை விநாடியில் நகர்த்திச் சரிசெய்து விடுவார்கள். சரிசெய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அதே மாதம், அதே கூடத்தில், பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ் என்ற இன்னொரு வடமேற்குக் குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. அவர்களுடையது சுத்தமான வாசிப்பு. கொலம்பியா என்ற பெரிய கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் ஜெயித்திருக்க வேண்டியது அவர்கள்.

கிங்ஸ்மென் தட்டு ஜெர்டன் என்ற உள்ளூர் முத்திரையில் வந்து படுத்துவிட்டது. அதற்குள் குழுவும் உடைந்தது. 1963 ஆகஸ்டில் ஈஸ்டன், இனி நான் முன்னே நின்று பாடுகிறேன், நீ டிரம்ஸுக்குப் போ என்று ஈலியிடம் சொன்னார். குழுவின் பெயரை ஈஸ்டன் வீட்டார் ஏற்கெனவே சட்டப்படி பதிந்து வைத்திருந்தார்கள். ஈலியும் பேஸ் கிட்டார் வாசித்த பாப் நார்ட்பியும் வெளியேறினார்கள். யாரும் கேட்காத ஒரு தட்டுக்காக யார் சண்டை போடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு மாதத்தில், நாட்டின் மறுகோடியில், பாஸ்டனில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற வானொலி அறிவிப்பாளர் இதை இந்த வாரத்தின் மட்டமான பாட்டு என்று கேலியாக ஒலிபரப்பினார். கேலி புரியாத, அல்லது நன்றாகவே புரிந்த, பாஸ்டன் பிள்ளைகள் கடைகளுக்கு ஓடினார்கள். நியூயார்க்கின் வாண்ட் கம்பெனி நாடு முழுக்க விற்க எடுத்துக்கொண்டது. நவம்பரில் பில்போர்டு பட்டியலில் நுழைந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். துக்கத்தில் இருந்த நாட்டில், டிசம்பரில், லூயி லூயி இரண்டாம் இடத்துக்கு ஏறி, மொத்தம் ஆறு வாரம் அங்கேயே இருந்தது. அந்த டிசம்பரில் முதலிடத்தை அடைத்துக்கொண்டு நின்றது பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் கிட்டார் மீட்டிப் பிரெஞ்சில் பாடிய ‘தொமினிக்’. புனித தொமினிக்கைப் பற்றிய பக்திப் பாட்டு. சராசரி அமெரிக்கருக்கு அதிலும் ஒரு சொல் புரிந்திருக்காது. அதை யாரும் சந்தேகப்படவில்லை.

லூயி லூயியைச் சந்தேகப்பட்டார்கள். எங்கே, யார் தொடங்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 45 சுழற்சித் தட்டை 33-இல் மெதுவாக ஓட்டினால் அசிங்கமான வரிகள் கேட்கும் என்று பள்ளிக்கூடங்களில் பேச்சு கிளம்பியது. எந்தப் பையனும் தனக்குக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதிய ‘உண்மையான வரிகள்’ வகுப்பில் கைமாறின. ஒரு தாளில் இருந்தது இன்னொன்றில் இல்லை, ஆளுக்கொரு பாட்டு. பதின்ம வயதின் மொத்தக் கற்பனையும் மாலுமியின் தலையில் வந்து இறங்கியது. தாள்கள் சில பெற்றோர் கையில் சிக்கின. அதைப் படித்துவிட்டுத் தட்டைக் கேட்டால்? படித்ததுதான் கேட்கும். காகிதத்தில் வரி இருக்கிறது, காதில் இரைச்சல் இருக்கிறது, மீதியை மனம் பார்த்துக்கொள்ளும்.

1964 தொடக்கத்தில் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ் இது ஆபாசம் என்று அறிவித்து, ஒலிபரப்ப வேண்டாம் என்று மாநில வானொலி நிலையங்களின் சங்கத்தைக் கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய அதே சமயம் மகள் வாங்கிவந்த தட்டைப் பற்றி ஒரு பெற்றோர் நேராக அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார். அண்ணனைப் பறிகொடுத்துச் சில வாரமே ஆன மனிதர் அவர், கடிதம் எஃப்.பி.ஐ.யிடம் போனது. ஆபாசப் பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது மத்தியக் குற்றம் என்ற சட்டத்தின் கீழ்க் கோப்பு திறந்தார்கள். டாம்பா, இண்டியானாபொலிஸ், டெட்ராய்ட் என்று கிளை அலுவலகங்கள் தட்டை அனுப்பின. தலைமை ஆய்வகத்தில் அதிகாரிகள் உட்கார்ந்து வெவ்வேறு வேகத்தில் ஓட்டிக் கேட்டார்கள். எட்கர் ஹூவரின் துறை அது. கம்யூனிஸ்டுகளையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தத் துறையின் ஆள்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு லூயி லூயி கேட்டார்கள்.

பாட்டின் வரிகள் பதிப்புரிமைக்காக முறைப்படி பதிவானவை, எஃப்.பி.ஐ.யின் கையிலும் அவை இருந்தன. பெர்ரியின் 1957 தட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும், போட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. பெர்ரியையும் விசாரித்தார்கள், குழுவின் உறுப்பினர்களையும் கம்பெனிக்காரர்களையும் விசாரித்தார்கள். பாட்டைப் பாடிய வாய் ஜாக் ஈலியுடையது. அவரிடம் மட்டும் யாரும் போகவில்லை. அவர்தான் குழுவில் இல்லையே. தொலைக்காட்சியில் ஈலியின் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தவர் ஈஸ்டன். மொத்த மர்மத்துக்கும் விடை தெரிந்த ஆள், கிங்ஸ்மென் பேரில் வேறொரு குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். பிறகு ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஈலி அந்தப் பேரைப் பயன்படுத்தக்கூடாது; ஈஸ்டன் இனி அந்தக் குரலுக்கு வாயசைக்கக்கூடாது.

எந்த வேகத்தில் ஓட்டினாலும் சொற்களைப் பிரித்தறிய முடியவில்லை, ஆகவே ஆபாசம் என்று தீர்மானிக்கவும் முடியவில்லை என்று ஆய்வகம் எழுதியது. ஆபாசம் இல்லை என்று எழுதவில்லை, கவனியுங்கள். புரியவில்லை என்றுதான் எழுதியது. இத்தனைக்கும் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை நிஜமாகவே இருக்கிறது. தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள், டிரம்ஸ் குச்சி தடுமாறிய எரிச்சலில் ஈஸ்டன் பின்னால் கத்திவிட்டார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டது. பாடகரின் ஒவ்வோர் அசைவிலும் ஆபாசம் தேடியவர்கள் டிரம்மர் பக்கம் காதைத் திருப்பவே இல்லை.

பயத்தின் வேர் எங்கே என்று யோசித்தால் அது ஆபாசத்தோடு நிற்பதாகத் தோன்றவில்லை. ஒரு கறுப்பினக் கலைஞரின் பாட்டை வெள்ளைக்காரப் பிள்ளைகள் குடித்தவர்கள்போலக் குழறிப் பாடுகிறார்கள். தங்கள் பிள்ளைகள் அதற்கு இடுப்பை ஆட்டுகிறார்கள். என்ன பாட்டு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் தாங்கமுடியாததாக இருந்திருக்கும். பாட்டின் பதிப்பாளர் தரப்பு ஆபாசத்தைக் காட்டுகிறவருக்கு 1,000 டாலர் என்று அறிவித்துப் பார்த்தது. வதந்தியால் தட்டு இன்னும் விற்றது. 1964 பிப்ரவரி 1-இல் பீட்டில்ஸ் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கு வந்தார்கள். பெற்றோர்களுக்குக் கவலைப்பட வேறு காரணங்கள் கிடைத்தன.

பாட்டு சாகவில்லை. மூன்று கார்ட் தெரிந்தால் போதும், கிட்டார் வாங்கிய முதல் வாரத்தில் வாசித்துவிடலாம். கராஜ் ராக் என்று பின்னால் பேர் வாங்கிய முரட்டு இசைக்கு இதுதான் அரிச்சுவடி. அந்தப் பதிவில் கீபோர்டு வாசித்த டான் கலூச்சி, அன்று பள்ளி மாணவர், 1970-இல் ஸ்டூஜஸ் குழுவின் ‘ஃபன் ஹவுஸ்’ தொகுப்பைத் தயாரித்தார். பங்க் இசைக்காரர்கள் வேதமாகக் கொண்டாடும் தட்டு அது. ஸ்டூஜஸின் இகி பாப்பும் லூயி லூயியை விடவில்லை. மோட்டர்ஹெட், பிளாக் ஃபிளாக் எல்லாரும் பாடிப் பார்த்தார்கள். 1978-இல் ‘அனிமல் ஹவுஸ்’ படத்தில் கல்லூரிப் பையன்கள் குடித்துவிட்டு இதைப் பாடிய பிறகு அடுத்த தலைமுறைக்கும் இது போதைப் பாட்டாகவே நிலைத்தது. கதை நடப்பதோ 1962-இல். அப்போது இந்தப் பதிவே பிறந்திருக்கவில்லை. 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஃபுட்ஹில் கல்லூரி வானொலி 63 மணி நேரம் இடைவிடாமல் லூயி லூயி மட்டுமே ஒலிபரப்பியது, 800-க்கும் மேற்பட்ட வடிவங்கள். பெர்ரி நேரில் வந்து பாடினார். அதைக் கேட்டு முடித்தவர்களின் உடல்நிலை என்ன ஆயிற்றோ.

1985 ஒரு விசித்திரமான ஆண்டு. சியாட்டில் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய ராஸ் ஷாஃபர், மாநிலப் பாட்டை மாற்றி லூயி லூயியை வைக்கலாம் என்று விளையாட்டாகக் கிளப்பினார். விளையாட்டு சட்டமன்றம் வரை போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ‘லூயி லூயி தினம்’ என்று அறிவிக்கப்பட்டு, ஒலிம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்; வெய்லர்ஸ், கிங்ஸ்மென், பால் ரெவியர் எல்லாரும் வந்து வாசித்தார்கள். பழைய மாநிலப் பாட்டு தப்பிப் பிழைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19-இல் இன்னொரு வாஷிங்டனில், தலைநகரில், ராக் பாட்டு வரிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று செனட் குழு விசாரணை நடத்தியது. டிப்பர் கோர் உள்ளிட்ட அரசியல் குடும்பத்துப் பெண்கள் தொடங்கிய அமைப்பின் புகார் அது. எதிர்த்துச் சாட்சி சொன்னவர்களில் ஃபிராங்க் ஸாப்பா முக்கியமானவர். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்டமான பைப் ஆர்கனில் லூயி லூயியை வாசிக்கவைத்துத் தட்டில் போட்ட ஆள். ஒரு வாஷிங்டனில் பழைய ‘ஆபாசப் பாட்டு’க்கு மரியாதை, இன்னொரு வாஷிங்டனில் புதிய ஆபாசத்தைத் தேடும் வேலை. இரண்டுக்கும் இடையே ஐந்து மாதம்.

அந்த விசாரணையின் விளைவாக வந்ததுதான் தொகுப்பு அட்டைகளின் எச்சரிக்கை முத்திரை. இன்று கைப்பேசியில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஒரே ஓர் எழுத்தாக அது சுருங்கியிருக்கிறது. கெட்ட வார்த்தை உண்டு என்று கம்பெனியே சொல்லிவிட்டுத்தான் விற்கிறது. வரிகள் திரையில் ஊர்கின்றன. புரியாத வரியை ஆயிரம் பேர் சேர்ந்து எழுதி விளக்கவுரையும் போட்டுவிடுகிறார்கள். ஈலி சொன்னது என்ன என்பதை அன்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை. அதனால் வதந்தி ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தது. இன்று ஒரு மாலைப்பொழுது தாங்காது. முகம் சுளிக்கவைக்கும் வரிகளை இன்றைய வெற்றிப் பாட்டுகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் படிக்கலாம், எந்த ஆளுநரும் அசைவதில்லை. சரிபார்க்க முடிவது நல்லதுதான். ஆனாலும் வகுப்பறையில் பென்சிலோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக்குச் சொந்தமாக வரி எழுதிய சந்தோஷம் அந்தப் பிள்ளைகளோடு போயிற்று என்றே எனக்குப் படுகிறது.

பயமும் முழுசாகப் போகவில்லை. 2005 மே மாதம், மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழு ஊர்வலத்தில் லூயி லூயி வாசிக்கக் கூடாது என்று கல்வி அதிகாரி தடுத்தார். டிரம்பெட், டிரம்ஸ் மட்டும்தான், பாடுவதற்கு யாருமே இல்லை. நாடே சிரித்தது, தடை நீங்கியது. சியாட்டிலிலோ பேஸ்பால் மைதானத்தில் பல ஆண்டுகள் ஏழாம் சுற்று இடைவேளையில் தாத்தாவும் பேரனும் எழுந்து நின்று இதற்குக் கை தட்டினார்கள்.

இனிப் பணக் கணக்கு. 750 டாலருக்கு விற்றுவிட்டு, தன் பாட்டு உலகம் சுற்றுவதைப் பெர்ரி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு மதுபானக் கம்பெனி விளம்பரத்தில் லூயி லூயியைப் போட நினைத்தது. அதற்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டு அவரைத் தேடியது. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் தாயின் வீட்டில், அரசு உதவித்தொகையில் இருந்தார். உரிமையை மீட்கலாம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு வக்கீல் வந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்த உடன்பாட்டில் பெர்ரிக்குத் தன் பாட்டில் பங்கு திரும்பக் கிடைத்தது, பெரும் தொகையும் வந்தது. 1997 ஜனவரியில் அவர் இறந்தார். இந்த இசையில் ஏமாந்த கறுப்பினப் பாடலாசிரியர்களின் வரிசை நீளமானது. அதில் கடைசிக் காலத்திலாவது பணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலரே.

கிங்ஸ்மென்னுக்கு இன்னும் தாமதம். 1968 ஒப்பந்தப்படி பதிவின் வருமானத்தில் 9 சதவீதம் வரவேண்டும். முப்பது ஆண்டு ஒரு காசு வரவில்லை. ஒப்பந்தத்தையே ரத்துசெய்யக் கோரி வழக்குப் போட்டார்கள், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 1998-இல் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்பின் மனுவை எடுக்க மறுத்ததும் பதிவு அவர்கள் சொத்தானது. 50 டாலரில் முடிந்த பதிவு. ஈலி 2015-இல் ஒரிகனில் இறந்தார். ஈஸ்டன் 2020-இல், மிட்செல் 2021-இல்.

எஃப்.பி.ஐ. கோப்பு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வெளியே வந்துவிட்டது. நூறு பக்கத்துக்கு மேல். இன்று அந்தத் துறையின் சொந்த இணைய ஆவணக் காப்பகத்தில் யாரும் திறந்து படிக்கலாம். புகார் கொடுத்தவர்களின் பெயர்களைக் கருப்பு மை பூசி மறைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் இட்டுக்கட்டிய வரிகளை மட்டும், சாட்சியம் என்பதால், வகைவகையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆபாசமான லூயி லூயிதான் வேண்டும் என்று இன்று ஒருவர் அடம்பிடித்தால் அவருக்குக் காட்டுவதற்கு இசைக் கம்பெனிகளிடம் எதுவும் இல்லை. அமெரிக்க அரசிடம் இருக்கிறது.